ஒரே தேர்வில் விதைத்த வயது

புரட்டாசி பிறந்துவிட்டால் குளத்தூரைச் சுற்றியுள்ள காடுகளில் கைகள் சும்மா இருப்பதில்லை. தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரைச் சொல்கிறேன். தெற்கே தூத்துக்குடி, வடக்கே விளாத்திகுளம், மேற்கே கோவில்பட்டி, கிழக்கே சற்றுத் தொலைவில் கடல். இங்கே 'காடு' என்றால் மழையை நம்பி விதைக்கும் கரிசல் புஞ்சை. மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை தருவது. ஆகவே இங்குள்ள சம்சாரி, அதாவது விவசாயி, தன் நிலம் முழுவதையும் ஒரே பயிரிடம் ஒப்படைப்பதில்லை. உளுந்தும் பாசிப்பயறும் ஒரு பக்கம், மக்காச்சோளமோ கம்போ ஒரு பக்கம், மிளகாயும் மல்லியும் இன்னொரு பக்கம் என்று பிரித்து விதைப்பார். மழைக்கு முன்பே உழுது போட்டு, விதை ஒதுக்கி, சில வருடம் காய்ந்த மண்ணிலேயே விதைத்தும் விடுவார். பருவம் பிந்தினால் நீண்ட நாள் பயிரை விட்டுவிட்டுக் குறுகிய நாள் பயிருக்கு மாறுவார். எப்போது தொடங்குவது, எப்போது மாறுவது என்ற இரண்டு தேதிகளும் அவர் மனதில் இருக்கும்.

அதே வீட்டில் பட்டமோ பட்டயமோ முடித்த பிள்ளை வேலை தேடும் விதத்தைப் பாருங்கள். பல வீடுகளில் ஒரே பயிர்தான்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. மாறும் தேதி என்று ஒன்று கிடையாது. 'அடுத்த தடவை கிடைத்துவிடும்' என்ற நம்பிக்கையில் 21 வயது 29 ஆகிவிடுகிறது. பிள்ளைகளிடம் உழைப்பு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கும் பெண்களை இந்த ஊர்களில் அறிவேன். குறை இருப்பது தேடலை அமைத்துக்கொண்ட விதத்தில். மானாவாரி வெள்ளாமைக்கு நாம் போடும் திட்டத்தை வேலை தேடுவதற்கும் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் சொந்த வரலாறும், தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகளும் இதற்குச் சான்று தருகின்றன.

கங்காணியிலிருந்து பதிவு அட்டை வரை

ஒரு காலத்தில் வேலையே ஆளைத் தேடி இந்தச் சீமைக்கு வந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் கங்காணிகள் தென்தமிழ்நாட்டு ஊர்களுக்குள் நுழைந்து, முன்பணம் கொடுத்து, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டினார்கள். தூத்துக்குடியில் கப்பல் ஏறியவருக்கு வேலை தேடும் அலைச்சல் இல்லை. ஆனால் வேலையில் கால் வைக்கும் முன்பே அவர் தலையில் கடன் ஏறியிருந்தது. வீடு தேடி வரும் வேலையின் விலையை யார் கட்டுகிறார் என்று கேட்க வேண்டும் என்பது அன்றைக்கே இந்த மண் கற்ற பாடம்.

ஒரு வேலை அடுத்த வேலைக்கு வழி திறந்ததற்கும் இங்கேயே ஓர் உயர்ந்த உதாரணம் உண்டு. எட்டயபுரம் அரண்மனைச் சேவகத்தை விட்டு வெளியேறிய பாரதி, 1904 ஆகஸ்ட் 1 அன்று மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அது நிரந்தர வேலையில்லை. அரசஞ் சண்முகனார் விடுப்பில் சென்ற இடத்தில் கிடைத்த தற்காலிகப் பணி. நவம்பர் 10 வரை, நூறு நாள் சொச்சம். அந்த நூறு நாள் முடிந்த கையோடு ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டது. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர் வேலையை விட்டுவிட்டுத்தான் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போனார். இருவர் வாழ்விலும் முதல் வேலை கடைசி வேலையாக இருக்கவில்லை. ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்ததால் அடுத்த வாசல் கண்ணில் பட்டது.

அரசு இந்தத் தேடலுக்குள் வந்தது பிறகுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்க 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948இல் அவை எல்லோருக்கும் திறக்கப்பட்டு, 1956 நவம்பரில் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தன. காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் பிறந்தது. அரசுத்துறையும், 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. ஆனால் அங்கே பதிந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பத்திரிகை விளம்பரத்தின் வழியாகவும் ஆட்களை அழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகு, பதிவு மூப்பின் பிடி மேலும் தளர்ந்தது.

நம் வீடுகளில் மட்டும் பழைய நம்பிக்கை தளரவில்லை. 'ரிசல்ட் வந்துருச்சா, எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சா' என்பதுதான் இன்றும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. தமிழ்நாட்டில் பதிந்து காத்திருப்போர் எண்ணிக்கை 2023இல் 60 இலட்சத்துக்கு மேல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதையே வேலை தேடுவதாக எண்ணிக்கொள்பவர் பலர். பதிவு தேவைதான். சில பணியிடங்களுக்கும், ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்கு 2006 முதல் வழங்கப்படும் உதவித்தொகைக்கும் அது ஆதாரம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300, பட்டதாரிக்கு 600 என்ற மாத உதவித்தொகை குடும்பத்தைத் தாங்காது. அந்த அட்டை நம்மைத் தேடி வேலையைக் கூட்டி வரவும் செய்யாது.

நூற்றெண்பதில் ஒருவர்

இப்போது தேர்வுக்கு வருவோம். 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். எழுதியவர்கள் 18 இலட்சத்துக்கு மேல். தொடக்கத்தில் 7,301 ஆக இருந்த காலியிடம் பிறகு கூட்டப்பட்டுப் பத்தாயிரத்தைத் தாண்டியது. அப்படிக் கூட்டிய பிறகும், எழுதியவர்களில் நூற்றெழுபது நூற்றெண்பது பேருக்கு ஒருவர்தான் வேலைக்குப் போயிருக்க முடியும். முடிவு வெளியானது 2023 மார்ச் 24 அன்று, எட்டு மாதம் கழித்து. 2024 ஜூன் தேர்வுக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2025 ஜூலைத் தேர்வு 3,935 இடங்களோடு அறிவிக்கப்பட்டது. அதற்கும் ஏறத்தாழ 14 இலட்சம் விண்ணப்பம். 2019 செப்டம்பரில் எழுதியவர் அடுத்த தேர்வைப் பார்க்க 2022 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. பருவமழைக்காவது ஒரு மாதக் கணக்கு உண்டு. இதற்கு அதுவும் உறுதியில்லை.

இந்தக் காத்திருப்பு மனிதரை என்ன செய்கிறது என்பதைத் தமிழ்நாட்டையே களமாகக் கொண்டு ஆராய்ந்தவர் பொருளியலாளர் குணால் மங்கல். 2001 முதல் 2006 வரை மாநில அரசு ஆள் எடுப்பதைப் பெருமளவு நிறுத்தி வைத்திருந்தது. காலியிடம் குறைந்தால் இளைஞர்கள் வேறு வேலைக்குத் திரும்புவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது அதற்கு நேர்மாறு. அந்த ஆண்டுகளில் பட்டம் முடித்த ஆண்கள் இன்னும் அதிக காலம் வேலையின்றித் தேர்வுக்கே படித்தார்கள். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய வருமானம் பிற ஆண்டுகளில் படித்து முடித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. தேர்வுக்குப் படித்த படிப்பு தனியார் வேலையில் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. கரிசல் ஊர்களில் இன்று நாற்பதைத் தாண்டிய பலருடைய கதையை இந்த ஆய்வு எண்ணாலேயே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் அரசு வேலை ஆசையை விட்டுவிட வேண்டுமா? கூடாது. அந்த ஆசைக்கு நியாயம் இருக்கிறது. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி, நாலாயிரத்துக்கு மேல் அனுப்பிப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய முடிவு: மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தமிழர் பெயரில் பெரும்பாலும் சாதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் 'எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன்' என்ற மூன்று கேள்வியில் அது வெளியே வந்துவிடும். தேர்வுத் தாளில் அந்தக் கேள்வி இல்லை. ஒடுக்கப்பட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைக்குக் குரூப் 4 என்பது வேலையோடு கூடிய மரியாதை. தமிழ்வழியில் படித்தவருக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 20 விழுக்காட்டு முன்னுரிமை குளத்தூர்ப் பிள்ளைக்கு நேராகவே பயன்படும். ஆகவே தேர்வு இருக்கட்டும், காட்டின் ஒரு பகுதியில். முழுக் காட்டையும் அதற்குக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தாளில் எழுதிய திட்டம்

வேலை தேடுவதில் திட்டத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டா? தென்னாப்பிரிக்காவில் மார்ட்டின் ஏபெல் முதலிய பொருளியலாளர்கள் வேலையற்ற இளைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிலரங்கு. ஒரு பிரிவினரிடம் மட்டும் கூடுதலாக ஒரு தாள் கொடுத்து, வரும் வாரங்களில் எந்த நாள், எந்த வழியில், எத்தனை விண்ணப்பம் என்று எழுதச் சொன்னார்கள். 2019இல் அச்சான அந்த ஆய்வின்படி, தாளில் எழுதியவர்கள் தேடலில் செலவிட்ட நேரம் கூடவில்லை. ஆனால் விண்ணப்பங்கள் 15 விழுக்காடு கூடின. ஒரே வழியில் நிற்காமல் பல வழிகளில் தேடினார்கள். வேலைக்கு வந்த அழைப்பு 30 விழுக்காடும், வேலையில் சேர்ந்தவர் எண்ணிக்கை 26 விழுக்காடும் கூடின. நினைப்புக்கும் செயலுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை ஒரு தாள் நிரப்பியது.

வேலையில்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, திட்டம் எதற்கு என்று தோன்றலாம். நேரம் நிறைய இருப்பதுதான் ஆபத்து. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஆலைக் கிராமத்தில் நெசவு ஆலை மூடப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் அங்கே தங்கிப் பார்த்தார்கள். 1933இல் வெளிவந்த அவர்களுடைய நூல் ஒரு வியப்பான செய்தியைச் சொல்கிறது. எல்லோருக்கும் ஓய்வு கிடைத்திருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. மணிக்கணக்கு இல்லாத நாள் மனிதரைச் செயலற்றவராக்கிவிடுகிறது. டீக்கடை பெஞ்சில் கரையும் பகலை நாமும் பார்க்கிறோம். அதை அந்தப் பிள்ளையின் சோம்பல் என்று சொல்வது எளிது, ஆனால் சரியில்லை.

குளத்தூருக்கு ஏற்ற திட்டம் எப்படி இருக்கலாம்? முதலில் மாறும் தேதியைக் குறிக்க வேண்டும். 'இரண்டு தேர்வு, அல்லது இரண்டு ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை முழுமூச்சாகப் படிப்பேன். அதற்குப் பிறகு வேலை பார்த்துக்கொண்டே எழுதுவேன்' என்று வீட்டில் எல்லோரும் அறிய ஒரு நாளைக் குறிக்க வேண்டும். அடுத்தது, படிக்கும் காலத்திலும் வாரத்தில் ஒரு நாளைப் பிற வாசல்களுக்கு ஒதுக்குவது. ஒரு வாரம் தூத்துக்குடி வேலைவாய்ப்பு மையத்தின் தனியார்துறை முகாம், மறுவாரம் 2020இல் அரசு தொடங்கிய தனியார்துறை வேலை இணையதளத்தில் விண்ணப்பம், அதற்கடுத்த வாரம் நேரில் இரண்டு நிறுவனங்கள். சென்ற இடம், பார்த்த ஆள், சொன்ன பதில், மறுபடி கேட்க வேண்டிய நாள் என்று நான்கு பத்தி போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பால் கணக்கு எழுதும் வீட்டில் இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

வாசல்கள் எவை என்பதையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிலும் நூற்பாலைகளும் பொறியியல் பட்டறைகளும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும் இருக்கின்றன. தூத்துக்குடியில் துறைமுகம், சரக்குப் பெட்டக நிலையங்கள், அனல்மின் நிலையங்கள், கடல் உணவு ஏற்றுமதி. கயத்தாறு பக்கம் காற்றாலைகள். தூத்துக்குடியை ஒட்டிய சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 வாகனம். இவற்றில் பல வேலைகள் ஒப்பந்த வேலைகள் என்பதையும், சம்பளம் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை மூன்று: சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, பி.எஃப்.-இ.எஸ்.ஐ. பிடிப்பு உண்டா, எத்தனை மணி நேரம். கேட்பது பிள்ளையின் உரிமை. இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடம் எப்படிப்பட்டது என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

தூரத்துப் பழக்கம்

'நமக்கு யார் இருக்கா?' என்பது கிராமத்துப் பிள்ளை அடிக்கடி சொல்லும் சொல். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர் 17 விழுக்காட்டினர்தான். 56 விழுக்காட்டினர் எப்போதாவது, 28 விழுக்காட்டினர் மிக அரிதாக. காரணம் எளிது. நமக்கு நெருங்கியவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்துப் பழக்கம் நமக்கு எட்டாத செய்தியைக் கொண்டுவரும்.

சொந்தச் சாதி, சொந்த ஊர் வலை தரும் பாதுகாப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. மும்பை தாதர் பகுதியில் முன்ஷி, ரோசன்சுவெய்க் இருவரும் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. சாதி வலை தொழிற்சாலை வேலைக்கு உறுதி தந்ததால், தொழிலாளர் குடும்பத்து ஆண்பிள்ளைகள் அப்பா பார்த்த வேலைக்கான பள்ளிப்படிப்பிலேயே நிறுத்தப்பட்டார்கள். அந்த வலைக்குள் இடம் இல்லாத பெண்பிள்ளைகள் ஆங்கிலம் படித்துப் புதிய வேலைகளுக்குப் போனார்கள். நம் சீமையிலும் அண்ணன் போன திருப்பூருக்கே தம்பியும், மாமா போன கடைக்கே மருமகனும் போகிறார்கள். வலை தாங்குகிறது, அதே நேரம் கட்டியும் போடுகிறது.

எனவே நோட்டின் பின்பக்கத்தில் முப்பது பெயர் எழுதச் சொல்கிறேன். நெருங்கிய உறவு ஐந்து போதும். மீதி தூரத்துப் பழக்கமாக இருக்கட்டும்: பள்ளியில் மேல்வகுப்பில் படித்த அக்கா, தூத்துக்குடியில் வேலை பார்க்கும் பழைய விளையாட்டுத் தோழன், ஐ.டி.ஐ. ஆசிரியர், விதைக்கடை அண்ணாச்சி, லாரி புக்கிங் அலுவலகக்காரர், வங்கியில் பார்த்துப் பழகியவர். அவர்களிடம் 'எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் கூச்சம். 'அண்ணே, உங்க கம்பெனியில ஆள் எடுக்கறது எந்த மாசம்? என்ன படிச்சிருக்கணும்? யாரைப் பாக்கணும்?' என்று கேளுங்கள். செய்தி கேட்பவருக்கு யாரும் முகம் திருப்புவதில்லை.

கையில் இருக்க வேண்டிய சான்று

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒன்றில், கடைத்தெருவில் ஓர் இணைய மையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பட்டம் முடித்த ஒரு பெண், நெகிழி உறைக்குள் எல்லாச் சான்றிதழோடும் காலையிலிருந்து நிற்கிறாள். தேர்வாணையத் தளத்தில் செய்திருந்த பழைய நிரந்தரப் பதிவுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. புதியது பெற அலைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும்.

"அண்ணாச்சி, போன தடவ எந்த நம்பரு குடுத்தோம்?"

"உங்கிட்ட அப்ப போனு இல்லன்னுதானம்மா கடை நம்பரப் போட்டேன். அந்த சிம்மு இப்ப இல்லையே."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உறையிலிருந்து எடுத்த தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். அவளுடைய ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும், மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து மட்டுமாகவும் இருந்தது. அது அடுத்த தடங்கல். மூன்று வருடப் படிப்பு ஒரு சிம் கார்டில் நின்றுபோனதை அன்று கண்ணால் பார்த்தேன். சொந்த அலைபேசி எண், சொந்த மின்னஞ்சல், நோட்டில் எழுதிய கடவுச்சொல், எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டு ஆகியவை தேடலின் முதல் வார வேலைகள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, தமிழ்வழிச் சான்று ஆகியவற்றை அறிவிப்பு வருமுன் வாங்கி வைப்பது, மழைக்கு முன் உழுது போடுவதற்குச் சமம்.

ஆவணத்தைவிடப் பெரிய சான்று திறமைக்கான சான்று. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஓர் ஆய்வு நடந்தது. நகரின் ஓரத்தில் வாழும் இளைஞர்களில் ஒரு பிரிவினருக்கு வேலை தேடிப் போக பஸ் செலவு கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு விண்ணப்பமும் நேர்காணலும் பழக்கி, திறனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். உடனடியாக இரண்டுமே பலன் தந்தன. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பஸ் செலவின் பலன் மறைந்திருந்தது. சான்று பெற்றவர்களின் வருமானமும் மனநிறைவும் உயர்ந்திருந்தன. 2021 முதல் நம் பெண்கள் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகிறார்கள். குளத்தூர்ப் பெண் வெளியே போய் வேலை தேட அது பெரிய துணை. ஆனால் இறங்கிய இடத்தில் காட்ட ஒரு சான்று கையில் இருந்தால்தான் அந்தப் பயணம் நிலைக்கும்.

அந்தச் சான்றுக்கு அருகிலேயே வழி இருக்கிறது. வேப்பலோடையிலும் நாகலாபுரத்திலும் கோவில்பட்டியிலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2019 திருத்தத்தின்படி ஐ.டி.ஐ. முடித்த பழகுநருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய். பழகுநர் பயிற்சியை முடித்தவருக்கு ரயில்வேயின் அடிப்படை நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. பாரதியின் நூறு நாள் தற்காலிகப் பணியை இங்கே மறுபடி நினைக்கலாம். பழகுநர் பணியும் அப்படிப்பட்ட ஒரு வாசல்தான்.

பட்டறையிலோ துணிக்கடையிலோ ஆறு மாதம் வேலை பார்த்தவர் வெறுங்கையோடு வெளியே வருவது நம் வழக்கம். அந்த முதலாளியிடம் நான்கு வரி எழுதி வாங்குங்கள். என்ன வேலை பார்த்தார், கணக்கில் நேர்மை எப்படி, நேரத்துக்கு வந்தாரா, தொடர்புகொள்ள எண் எது. தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட பரிந்துரைக் கடிதத்தோடு போன விண்ணப்பங்களுக்கு 60 விழுக்காடு கூடுதல் அழைப்பு வந்தது. பெண்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். பள்ளியில் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் கிடைக்கும் நன்னடத்தைச் சான்று இந்த வேலையைச் செய்யாது.

பணம் கேட்கும் வேலை

வேலைக்குப் பணம் கேட்பவர் வேலை கொடுப்பவரில்லை. அரசு வேலைக்கு இத்தனை இலட்சம் என்று பேசுபவரிடம் நிலத்தை விற்றுக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்கள் இந்தச் சீமையில் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு 1983ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டத்தின்படி முகவர்களில் பதிவு பெற்றவர் மட்டுமே ஆள் எடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன், போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிட வேண்டும். கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரில் இணையமோசடிக் கும்பலிடம் அடைபட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். முகவரின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். கங்காணியின் முன்பணம் போய் முகவரின் கட்டணம் வந்திருக்கிறது. கடன் மட்டும் அதே வீட்டு வாசலில் நிற்கிறது.

ஊர் செய்ய வேண்டியது

இத்தனையையும் 21 வயதுப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. சம்சாரிக்கு வேளாண்மை அலுவலர் இருக்கிறார், கோவில்பட்டியில் 1901 முதல் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ரகம், எந்த வாரம் என்று சொல்ல ஆள் உண்டு. வேலை தேடும் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஊரில் யார்? 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' கல்லூரிக்குள் திறன் கற்றுத் தருகிறது. கல்லூரி முடித்து ஊர் திரும்பியவருக்கு ஊருக்குள் ஓர் இடம் தேவை. கிளை நூலகத்தில் ஒரு பலகை வைக்கலாம்: நடப்புத் தேர்வு அறிவிப்பு, கடைசி நாள், முகாம் நாள், பழகுநர் காலியிடம், சம்பளம். ஊர்ப் பள்ளி தன் பழைய மாணவர்கள் எங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு பேரேடு வைத்தால், 'நமக்கு யார் இருக்கா' என்ற கேள்விக்கு அதிலேயே பதில் கிடைக்கும். தூத்துக்குடி வேலைவாய்ப்பு மையத்தில் நடக்கும் இலவசப் பயிற்சியின் தன்னார்வப் பயிலும் வட்டம், மாதம் ஒரு நாளாவது விளாத்திகுளம் வட்டத்து ஊர்களுக்கு வர வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டாம், பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள்தான் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை ஆறு மாதத் தற்காலிக வேலைக்குப் போகிறேன் என்றால், 'படிச்சதுக்கு இந்த வேலையா' என்று மறிக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இன்று ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் மாறும் தேதியையும், பின்பக்கத்தில் முப்பது பெயரையும் எழுதுங்கள். நாளைக் காலையில் அந்த முப்பதில் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.